அம்மாவின் முழங்கால் தேய்வுக்குப் பட்டி அணிவிப்பது பற்றி ஆலோசனை தேவை

தலவாக்கலை மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 67 வயது. 17 வயதில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, ஓய்வு பெறும் நாள் வரை கொழுந்து பறித்தவர். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போவதிலிருந்து மாலையில் கடைசிக் கொழுந்தை நிறுத்துக் கொடுப்பது வரை ஏற்றமும் இறக்கமுமாகவே அவருடைய நாட்கள் கழிந்தன. அந்த உழைப்பில்தான் நானும் தம்பியும் படித்தோம். ஆகவே இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடங்களாக அவருடைய வலது முழங்காலின் உட்பக்கத்தில் வலி இருக்கிறது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் போல விறைப்பாக இருந்து பிறகு இலகுவாகிவிடும். சமதளத்தில் நடப்பதைவிடப் படி இறங்குவதுதான் அவருக்குப் பெரும்பாடு. எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) பஸ் ஓடும் பாதைக்கு வர 80க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் மண்ணை வெட்டிக் கல் பதித்தவை, மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்குபவை. கிளினிக்குக்குப் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் வேறு வழி கிடையாது. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூட்டுத் தேய்வு என்று சொன்னார்கள். வலி கூடும்போது போடுவதற்குப் பனடோலும் (பாரசிட்டமோல்) பூசுவதற்கு டைக்லோஃபெனாக் களிம்பும் தந்தார்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவுக்கும்) அம்மா ஏற்கெனவே மாத்திரை எடுத்துவருகிறார்.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி, மூன்று மாதங்களுக்கு முன் ஒரு முழங்கால் பட்டி வாங்கி வந்தான். சாக்ஸ் போலக் காலில் ஏற்றிப் போடுகிற, ரப்பர் துணியால் ஆன, முழங்கால் சில்லுக்கு (முன்பக்க வட்ட எலும்புக்கு) நேரே வட்டமாகத் திறந்திருக்கும் வகை. முதல் வாரம் அம்மா மிகவும் மகிழ்ந்தார். வலி முற்றாக நின்றது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் படி இறங்கும்போது கால் மடங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் அந்த நாட்களில் இல்லை என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் இதைக் கைவிட மனமில்லாமல் இருக்கிறேன். இரண்டாவது வாரத்தில் பட்டி கீழே சரிந்து, முழங்காலுக்குப் பின்புற மடிப்பில் சுருண்டு, தோல் சிவந்து எரியத் தொடங்கியது. மாலையில் பாதமும் வீங்கியிருந்தது. கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியவர் இன்னும் அதைத் தொடவில்லை.

அளவு சிறியதாகிவிட்டது, அடுத்த பெரிய அளவை வாங்கலாம் என்கிறான் தம்பி. மருந்துக் கடையில் கேட்டபோது, இரு பக்கமும் உலோகக் கீல் வைத்த, விலை பல மடங்கான ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, பட்டி போட்டுப் பழகினால் கால் அதற்கே அடிமையாகிவிடும் என்கிறார். அனுபவமுள்ளவர்களும் துறை அறிந்தவர்களும் சொல்லுங்கள். பெரிய அளவை வாங்குவதா, கீல் வைத்ததை வாங்குவதா, ஒரு நாளில் எவ்வளவு நேரம் அணிவிப்பது, அல்லது இந்த எண்ணத்தையே விட்டுவிடுவதா?

மஸ்கெலியா ஓய்வுநிலை ஆசிரியர்

மகள், வணக்கம். எனக்கு 72 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவன், அவற்றில் இடது காலுக்கு ஆறு வருடங்களாகப் பட்டி அணிகிறவன் என்ற முறையில் என் அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன். மருத்துவ விளக்கத்தைத் துறை அறிந்தவர்கள் தருவார்கள்.

நானும் முதலில் உங்கள் தம்பி வாங்கியது போன்ற ஒன்றையே வாங்கினேன், எனக்கும் அது சரிந்தது. பிறகு கிளினிக்கில் இயன்மருத்துவப் பிரிவுக்கு (பிசியோதெரபி) அனுப்பினார்கள். அங்கே என் காலை அளந்து பார்த்து, சுற்றிக் கட்டி ஒட்டுப் பட்டைகளால் இறுக்கிக்கொள்ளும் வகையை எழுதிக் கொடுத்தார்கள். இதைக் காலில் ஏற்றி இழுக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, விரித்து வைத்துச் சுற்றிக்கொள்ளலாம். விரல் மூட்டுகளும் நோகிற நம் வயதினருக்கு இது சிறிய விஷயமல்ல. காலையில் யாராவது வந்து மாட்டிவிட வேண்டும் என்ற நிலை வந்தால், எந்தப் பட்டியும் ஒரு மாதத்துக்கு மேல் அணியப்படாது என்பது நான் கண்டறிந்தது.

வீட்டுக்குள் நான் அதை அணிவதில்லை. கடைத்தெருவுக்கு இறங்கும்போது, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது, நெடுநேரம் நிற்க நேரும் நிகழ்வுகளின்போது அணிகிறேன். திரும்பி வந்ததும் கழற்றித் தோலைத் துடைத்து, சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மலைநாட்டில் இந்த ரப்பர் துணியைக் கழுவினால் எளிதில் காயாது. மே, ஜூன் மாதங்களில் மழையும் பனியும் மூடிக்கொள்ளும்போது இரண்டு நாளானாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு அணிந்து ஒருமுறை எனக்குத் தோலில் படை வந்தது. அவசரப்பட்டு அடுப்புக்கு மேல் கட்டிக் காயவைத்தேன், அது விறைத்து வெடித்துப்போனது. இப்போது மலிவான இரண்டாவது ஒன்றை மாற்றுக்கு வைத்திருக்கிறேன். காற்றோட்டமான நிழலில்தான் காயப்போடுகிறேன். அட்டை கடித்த புண் இருக்கும் நாளில் அந்த இடத்தின் மேல் பட்டியைக் கட்டுவதே இல்லை.

கைத்தடியை மறந்துவிடாதீர்கள். என் பட்டிக்கும் தடிக்கும் இடையில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தடியைத்தான் எடுப்பேன். உங்கள் அம்மாவுக்கு வலது முழங்கால் நோகிறதென்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் நோகிற பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டு உடலை அந்தக் காலின் மேல் சாய்த்து நடக்கிறார்கள். நானும் இரண்டு வருடங்கள் அப்படித்தான் நடந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

கிளினிக்கில் சிங்களத்தில் பேச அம்மாவுக்குத் தயக்கமாக இருந்தால், வலி எந்த இடத்தில், எந்த வேலையின்போது, எவ்வளவு நேரம் என்பதை நீங்களே முன்கூட்டி எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து அனுப்புங்கள். வாங்கிய பட்டியையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள். பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களால் சரியான பதில் சொல்ல முடியும்.

பண்டாரவளை வாசகர்

ஆசிரியர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை. என் மாமனார் ஒரு வருடத்துக்கு மேலாகக் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை இரண்டு கால்களிலும் பட்டி அணிந்திருந்தார். அணிந்திருக்கிறோமே என்ற தைரியத்தில் வேறெதையும் செய்யவில்லை. மருத்துவர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளையும் விட்டுவிட்டார், நடப்பதையும் குறைத்துக்கொண்டார். இன்று அவருடைய தொடைகள் மெலிந்து, பட்டி இல்லாமல் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், சகோதரி. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுத்து, பயிற்சி செய்யவைப்பதே மேல் என்பது என் எண்ணம்.

இயன்மருத்துவர், ஹட்டன் பகுதி

சகோதரி, உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, கால் மடங்கிவிடுமோ என்ற பயம் குறைந்தது என்று அம்மா சொன்ன அந்த வாக்கியம்தான். பட்டி தேய்ந்த கசியிழையத்தை, அதாவது குருத்தெலும்பை, மீண்டும் வளரச் செய்யாது. தேய்வை நிறுத்தும் என்றும் எவரும் உறுதி சொல்ல முடியாது. பொருத்தமான காலில், பொருத்தமான வேலைக்கு அணிந்தால் வலியை ஓரளவு குறைத்து, நடக்கும் துணிவைத் தருகிறது. அந்தத் துணிவால் ஒருவர் நடப்பதைத் தொடர்ந்தால் அது பெரிய நன்மை. அந்தத் துணிவை நம்பிப் பயிற்சியை விட்டுவிட்டால், மேலே பண்டாரவளை நண்பர் எழுதிய நிலைதான் வரும்.

அவருடைய மாமனாரின் தொடை மெலிந்ததற்குப் பட்டியைவிட, நடையையும் பயிற்சியையும் விட்டதே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். இங்கிலாந்தில் முழங்கால் சில்லுப் பகுதியில் தேய்வு உள்ள 126 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஆறு வாரங்கள் பட்டி அணிந்தவர்களுக்கு வலி குறைந்தது. அவர்கள் சராசரியாக நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் அணிந்திருந்தார்கள். ஆயினும் அந்தப் பட்டியால் தொடைத் தசையின் வலிமை குறையவில்லை என்பதையும் அதே ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஆகவே பட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முட்டையும் பருப்பும் பற்றி அவர் சொன்னதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஓய்வு பெற்ற தோட்டத் தாய்மாரில் பலர் ரொட்டியும் தேநீருமாகவே நாளைக் கழிப்பதை அன்றாடம் காண்கிறேன், அந்த உணவில் தசை வளராது.

இப்போது பெரிய அளவு வாங்குவது பற்றி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது தவறான முடிவாகிவிடலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மூட்டு தடித்தும், அதற்கு மேலே தொடை மெலிந்தும் இருப்பது வழக்கம். குழாய் போன்ற பட்டியை மெலிந்த தொடை பிடித்து நிறுத்தாது. அது சரிந்து, மூட்டின் தடித்த பகுதிக்குக் கீழே சுருண்டு, ஒரு கயிறு போலப் பின்மடிப்பை அழுத்தும். அதைக் கண்டு அளவு சிறியது என்று எண்ணுகிறோம். பெரியதை வாங்கினால் இன்னும் விரைவாகச் சரியும். உள்ளதை வைத்தே ஒரு சோதனை செய்யுங்கள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, தையல் அளவுநாடாவால் முழங்கால் சில்லின் நடுவில் ஒரு சுற்றளவும், அதற்கு 15 சென்ரிமீற்றர் மேலே ஒன்றும், 15 சென்ரிமீற்றர் கீழே ஒன்றும் எடுத்து, பெட்டிக்குள் இருக்கும் அளவுத்தாளோடு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் அளப்பது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே அந்தத் தாளில் சொன்ன இடத்தையே இறுதியாகக் கொள்ளுங்கள். மேல் அளவு சிறிய பட்டிக்கும் நடு அளவு பெரிய பட்டிக்கும் பொருந்தினால், ஆசிரியர் ஐயா சொன்ன சுற்றிக் கட்டும் வகையே அம்மாவுக்குத் தேவை.

பாத வீக்கத்தைப் பற்றி எனக்குக் கூடுதல் அக்கறை இருக்கிறது. வீங்கியது ஒரு பாதமா, இரண்டுமா? வலது பாதம் மட்டும் என்றால் பட்டியின் அழுத்தம் காரணமாக இருக்கலாம். இரண்டும் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின் என்ற மாத்திரை சிலருக்கு இரண்டு பாதங்களிலும் வீக்கத்தை உண்டாக்கும். இதயமும் சிறுநீரகமும்கூடக் காரணமாக இருக்கலாம். எதுவானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி நோகுமானால், அது இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், அந்தக் காலில் பட்டி அணிவிக்கவே கூடாது. முழங்கால் சிவந்து கொதித்து, காய்ச்சலும் சேர்ந்தால் அதுவும் அன்றே காட்ட வேண்டியது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், இறுக்கம் அவருக்குத் தெரியாமலே போகலாம். அணிந்து கால் மணி நேரம் கழித்து விரல்கள் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ இருக்கின்றனவா என்று நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஒரு மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தூங்கும்போது வேண்டாம்.

கீல் வைத்த விலையுயர்ந்த பட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. சில, பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுப்பதற்கு மட்டும். வேறு சில, மூன்று இடங்களில் அழுத்தி, தேய்ந்த பக்கத்திலிருந்து பாரத்தை மறுபக்கத்துக்குச் சற்றே மாற்றுவதற்கு. நடக்கும்போது முழங்காலின் பாரத்தில் பாதிக்கு மேல் உட்பக்கத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. கால் வெளிப்புறமாக வில் போல வளைந்தவர்களுக்கு அது இன்னும் கூடும். அவர்களுக்கு இந்தப் பாரம் மாற்றும் வகை உதவக்கூடும். ஆனால் தேய்வு எந்தப் பக்கம் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும், அதற்கு நின்றபடி எடுத்த எக்ஸ்ரே நல்லது, ஏனெனில் படுத்தபடி எடுத்ததில் எலும்புகளுக்கு இடைப்பட்ட இடைவெளி உண்மையைவிட அதிகமாகத் தோன்றலாம். இந்த வகையை ஒருவர் காலில் வைத்து அளந்து பொருத்த வேண்டும். கனமானது, பலர் சில மாதங்களில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் காட்டினார் என்பதற்காக வாங்காதீர்கள்.

அறிஞர் குழுக்களிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி தன் 2019 வழிகாட்டலில், வலியோ தளர்வோ நடையை வெகுவாகப் பாதிக்குமானால் முழங்கால் பட்டியை வலுவாகவே பரிந்துரைத்தது. கைத்தடியையும் அவ்வாறே பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் (NICE) நிறுவனம் 2022இல், எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், மூட்டில் தளர்வோ பாரம் விழும் முறையில் கோளாறோ இருந்து, பட்டி இல்லாமல் பயிற்சி பலன் தராது என்றால் மட்டும் கொடுக்கலாம் என்றது. இரண்டையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். சமதளத்தில் வாழும் ஒருவருக்கு நைஸ் சொல்லும் கட்டுப்பாடு போதும். நாளுக்கு இருமுறை 80 படி ஏறி இறங்காமல் வாழ முடியாத ஒரு தாய்க்கு, கால் மடங்கும் பயம் இருக்கும்போது, முயன்று பார்க்காமல் விடுவது நியாயமாகாது. செயற்கை முழங்காலுக்குள் அளவுகருவி வைத்து ஜெர்மனியில் அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், சமதள நடையின்போது உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமும், படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கும் மூட்டில் விழுவது தெரிந்தது. அம்மா இறக்கத்தைப் பெரும்பாடு என்பது வெறும் மனப்பயமல்ல.

பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கட்டிலோடு ஐந்து விநாடி அழுத்திப் பிடிப்பது பத்து முறை. பிறகு மற்றக் காலை மடக்கிக்கொண்டு, நோகும் காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது பத்து முறை. உயரமான நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, முடிந்த அளவு. இவற்றைப் பட்டி அணிந்துகொண்டு செய்தாலும் குற்றமில்லை. செய்த பின் சற்று நோகலாம், மறுநாளும் அந்த நோவு கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும், அதற்கு முன் கைவிட வேண்டாம். களிம்பு பூசியவுடன் அதன் மேல் பட்டியை இறுக்கக் கூடாது. களிம்பை வீடு திரும்பிப் பட்டியைக் கழற்றிய பிறகு பூசுவதே வசதி. வலி மாத்திரைகளை, அதாவது டைக்லோஃபெனாக் போன்றவற்றை விழுங்கும் வடிவில், மருத்துவர் எழுதாமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். பிரஷரும் சீனியும் உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கக்கூடும்.

தலவாக்கலை மகள்

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சொன்னபடி அளந்தோம். நடு அளவு பட்டிக்குரிய எல்லையைத் தாண்டியிருந்தது, தொடை அளவோ எல்லையின் அடிமட்டத்தில் இருந்தது. இத்தனை வருடம் உடன் இருந்தும் அம்மாவின் தொடை இவ்வளவு மெலிந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். புடவைக்குள் மறைந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

பாதத்தைப் பார்த்தபோது இரண்டிலும் வீக்கம் இருந்தது, வலதில் சற்றுக் கூடுதல். கிளினிக்கில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அவர் எடுக்கும் மாத்திரைகளில் நீங்கள் சொன்ன அம்லோடிபினும் இருந்தது. சிறுநீரும் இரத்தமும் பரிசோதித்துவிட்டு, அந்த மாத்திரையின் அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்த்தார்கள். இப்போது வீக்கம் குறைந்திருக்கிறது. இயன்மருத்துவப் பிரிவில் பழைய பட்டியைப் பார்த்துவிட்டு, சுற்றிக் கட்டும் வகையையே எழுதித் தந்தார்கள். விலை முந்தியதைவிடச் சற்றே கூடுதல், கடையில் காட்டிய கீல் பட்டியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அம்மா தானாகவே கட்டிக்கொள்கிறார். படி இறங்கும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் மட்டும் அணிகிறார். மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைப்பதால் எரிச்சல் இல்லை. பயிற்சியைப் பேத்தி எண்ணிக்கொண்டே செய்யவைக்கிறாள். வலி போய்விட்டதா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் இறங்கலாம் என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்விகள். எங்கள் கழிப்பறை குந்தியிருக்கும் வகை, அங்கேதான் இப்போது அம்மா மிகவும் சிரமப்படுகிறார். பட்டி அணிந்துகொண்டு குந்தலாமா? இடது முழங்காலும் எப்போதாவது நோகிறது, அதற்கும் முன்கூட்டியே ஒன்று வாங்கிவிடலாமா?

இயன்மருத்துவர், ஹட்டன் பகுதி

மிக நல்ல செய்தி, சகோதரி. அம்மா சொன்ன பதிலே சரியான அளவுகோல். ‘இருக்கிறது, ஆனால் இறங்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு பட்டியிடமிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டி அணிந்து குந்த வேண்டாம். முழுவதும் மடங்கும்போது துணி பின்மடிப்பில் சேர்ந்து மறுபடியும் அழுத்தும். பட்டி இல்லாமலும் முழுக் குந்தல் தேய்ந்த முழங்காலுக்கு நல்லதல்ல. நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் கதிரையையோ, மருந்துக் கடைகளில் கிடைக்கும் கால் வைத்த இருக்கையையோ கழிப்பறைக் குழிக்கு மேல் நிறுத்திக் கொடுங்கள். கால்களின் அடியில் ரப்பர் இருக்கட்டும், ஈரத் தரையில் சறுக்கக் கூடாது. எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு குழாய்க் கம்பி பொருத்த முடியுமானால் இன்னும் நல்லது. சமையலையும் தரையில் உட்கார்ந்து செய்கிறார் என்றால், காய் நறுக்கும் வேலையையாவது மேசைக்கு மாற்றுங்கள்.

இடது காலுக்கு இப்போது பட்டி வேண்டாம். பயிற்சிகளை அந்தக் காலுக்கும் சேர்த்துச் செய்யட்டும். அதிலும் கால் மடங்கும் உணர்வு வந்தால் அப்போது காட்டுங்கள். வலது காலில் இத்தனை செய்தும் இரவு உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலி வந்தால், அல்லது வீட்டுக்குள் நடப்பதே முடியாமல் போனால், மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை பற்றி எலும்பு மருத்துவரிடம் பேச வேண்டும். அது அரச வைத்தியசாலைகளிலும் செய்யப்படுகிறது, ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் தொடை வலுவாக இருந்தால் பின்னால் எழுந்து நடப்பதும் எளிது, ஆகவே பேத்தியின் எண்ணிக்கை எந்த நிலையிலும் வீண் போகாது.

மஸ்கெலியா ஓய்வுநிலை ஆசிரியர்

மகள், தடி வாங்கினீர்களா என்று எழுதவில்லையே. கடையில் வாங்க வேண்டியதில்லை, முற்றிய கொய்யாக் கம்பும் போதும். அம்மா செருப்பணிந்து நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் உயரத்துக்குப் பிடி வர வேண்டும். அடியில் ரப்பர் முனையைக் கட்டாயம் பொருத்துங்கள், அதன் வரிகள் தேய்ந்ததும் மாற்றுங்கள். பாசி பிடித்த கல்லில் வழுவழுத்த முனை, தடி இல்லாததைவிட ஆபத்து. படியில் ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் தடியும் நோகிற காலும். இதைப் பேத்தியிடம் சொல்லி வையுங்கள், அம்மாவோடு இறங்கும்போது அவள் நினைவூட்டுவாள்.